மழைக்கோட் போட்ட கிருமி

பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் போடும்போதுதான் அது முதலில் தெரிந்தது. என் மனைவி சுகந்தி மகளின் இடப்பக்கப் பின்னலை மடித்து ரிபன் கட்டிக்கொண்டிருந்தாள். மிதுனா சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, இறுக்காதேங்கோ. காதுக்குக் கீழ நோகுது."

சுகந்தி விரலால் தடவிப் பார்த்தாள். புளியங்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்படுகிறது என்றாள். நான் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விதைப்புக் காலம். விடிந்ததும் முதல் வேலையாக வானத்தைப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வயல் செய்கிற எல்லோருக்கும் உள்ள பழக்கம். "நுளம்பு கடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மேகத்தைப் பார்த்தேன்.

இதை நான் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் குழாயோடு கிடக்கிற பிள்ளைகளுக்கு. அதைவிட, வருத்தம் (நோய்) மாறி வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் குளிசை விழுங்கவேண்டிய பிள்ளைகளுக்கு. நான் டொக்டர் அல்ல. பத்தாம் ஆண்டுக்கு மேல் படிக்கக் காலம் விடவில்லை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறேன். இதில் வருகிற விஞ்ஞானம் எல்லாம் ஒரு டொக்டர் சொல்லி எனக்கு விளங்கிய அளவும், மிதுனாவின் எட்டாம் ஆண்டுப் புத்தகத்தில் இருந்த அளவும்தான்.

பின்னேரம் அவள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. உடம்பு சுட்டது. எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: கூகைக்கட்டு (பொன்னுக்கு வீங்கி). பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கினால் வேறு என்ன நினைப்பது?

கூகைக்கட்டுக்கு எங்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வற்றும் என்பார்கள். என் மூத்த அக்கா பூமணி அன்றைக்கே தன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டா. உருண்டை மணிகள் கோத்த சங்கிலி. கலியாண வீட்டுக்கு மட்டும் போடுகிறது.

"குனி பிள்ளை. இது பட்டால் ரெண்டு நாளில வத்தியிடும்."

"மாமி, பிறகு இதை எனக்கே தருவீங்களோ?"

"வீக்கம் வத்தினால் சங்கிலி எனக்கு. வத்தாட்டில் வீக்கமும் உனக்கு, சங்கிலியும் உனக்கு."

மிதுனா சிரித்தாள். சிரித்ததும் தாடையைப் பொத்திக்கொண்டாள். அதுதான் அந்தக் கிழமையில் நாங்கள் கண்ட கடைசிச் சிரிப்பு.

வீக்கம் வற்றவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். பக்கத்து டிஸ்பென்சரியில் கொடுத்த கிருமிகொல்லிக் குளிசையை முழுதாகப் போட்டு முடித்தோம். காய்ச்சல் காலையில் இறங்கும், பொழுதுபடத் திரும்ப ஏறும். தோல் சிவந்து மினுங்கத் தொடங்கியது. சங்கிலி பட்ட இடம் கூட நோகிறது என்று அழுதாள். வாயைத் திறக்க முடியாமல் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தாள். கூகைக்கட்டு என்ற பெயர் பரவிவிட்டதால் கூடப் படிக்கிற பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. ஒரு பிள்ளை மட்டும் வேலிக்கு அங்கால் நின்று பாடக் கொப்பியை எறிந்துவிட்டுப் போனது.

பிறகு ஆஸ்பத்திரி. அங்கிருந்து வவுனியாவுக்கு அனுப்பினார்கள். சுகந்தி வாட்டில் மகளோடு தங்கினாள். நான் பார்வை நேரத்துக்கு உள்ளே போவதும், மற்ற நேரம் வெளிவாங்கில் (நீள இருக்கையில்) இருப்பதும், இடையில் பஸ் பிடித்து வயலை எட்டிப் பார்த்துவிட்டு வருவதுமாக இருந்தேன். வாங்கில் இருந்து பார்த்தால் நீளமான ஒரு நடை தெரியும். அதில் போகிற வருகிற ஒவ்வொரு வெள்ளைச் சட்டையும் எங்கள் பிள்ளையைப் பற்றி ஏதோ சொல்லத்தான் வருகிறது என்று தோன்றும். யாரும் நிற்காமல் போவார்கள். அந்தக் களைப்பு வயல் வேலையின் களைப்பு அல்ல. வேலை செய்து களைத்தால் நித்திரை வரும். இது நித்திரையையும் எடுத்துக்கொண்டு போகிற களைப்பு.

வீங்கியது பரோட்டிட் சுரப்பி (காதுக்கு முன்னும் கீழும் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பி) என்றார்கள். ஸ்கான் எடுத்ததில் உள்ளே சீழ் கட்டியிருந்தது. ஊசியால் கொஞ்சம் சீழை இழுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். சுகந்தி அதைத் தன் கைலேஞ்சியில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் இரண்டு இளம் டொக்டர்மார் கட்டிலடியில் நின்று தங்களுக்குள் கதைத்தார்கள். ஒருவர் சொன்னதில் சுகந்திக்கு விளங்கியது இரண்டு சொல்: "கிராம் நெகட்டிவ்." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் எங்களிடம் சொல்லவில்லை, தங்களுக்குள் கதைத்தார்கள். அவர்களில் பிழையில்லை.

மத்தியானப் பார்வை நேரத்தில் சுகந்தி வாட்டு வாசலுக்கே ஓடி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, நெகட்டிவாம்! டொக்டர் தன்ர வாயால சொன்னவர்."

பிள்ளைகளே, எங்கள் நிலையில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான் விளங்கியிருப்பீர்கள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். நெகட்டிவ் என்றால் வீட்டுக்குப் போகலாம். டெங்கு நெகட்டிவ் என்றால் பயமில்லை. இந்த நாட்டில் ஆங்கிலம் தெரியாத ஆட்களுக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் அது. நெகட்டிவ் என்றால் இல்லை. இல்லை என்றால் நல்லது.

நான் வாங்கில் வந்து இருந்து அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். 

"அக்கா, கிராம் நெகட்டிவாம்."

"என்ன கிராம்?"

"சீழில பாத்ததாம். கிராம் நெகட்டிவ்."

அக்கா கொஞ்சம் யோசித்தா. தங்கம் வாங்கி அடகு வைத்து மீட்டுப் பழகின மனுசி. கிராம் என்றால் அவவுக்கு நிறைதான்.

"அப்ப ஒரு கிராம் கிருமியும் இல்லையெண்டு சொல்லு! நான் சொன்னனான் தானே, சங்கிலி வேலை செய்யுமெண்டு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு கிராமும் இல்லை. அக்கா அன்று பின்னேரமே பிள்ளையாருக்குப் பொங்கிப் படைத்தா. மறுநாள் விடிய அயலில் ஒரு வாடகை வானைப் பிடித்துக்கொண்டு, பொங்கலையும் டிபன் கரியரில் போட்டுக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிப்போக வந்து இறங்கினா.

அதற்கு முதல் நாள்தான் மிதுனாவின் கையில் கனுலா (நாளத்தில் பொருத்தி விடுகிற சிறு குழாய்) போட்டுப் புது மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். நெகட்டிவ் என்ற பிறகு ஏன் மருந்து என்று நாங்கள் கேட்கவில்லை. பெலத்துக்கு ஏற்றுகிறார்கள் என்று நினைத்தோம்.

அக்கா வந்த வேகத்தில் கட்டிலைச் சுற்றி எல்லாம் மூட்டையானது. பிளாஸ்க், தலையணை, சவர்க்காரப் பெட்டி, கட்டிலடியில் கிடந்த செருப்பு. மிதுனா காய்ச்சலோடு எழும்பி இருந்து சட்டை மாற்றக் கை தூக்கினாள். மருந்துக் குழாய் இழுபட்டது. அக்கா மிஸியைக் (தாதியை) கூப்பிட்டா.

"மிஸி, இந்த ஊசிய ஒருக்காக் கழட்டி விடுங்கோ. நாங்கள் வெளிக்கிடப் போறம்."

"எங்க வெளிக்கிடுறியள்?"

"வீட்டதான். நெகட்டிவ் எண்டு சொல்லிப்போட்டினம். வான் வெளியில நிக்குது."

மிஸி எங்களையும் மூட்டையையும் பார்த்தா. உள்ளே போனா. நான் நினைத்தேன், வீட்டுக்கு விடுகிற துண்டை வெட்டத்தான் போகிறா என்று. கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா டொக்டரோடு திரும்பி வந்தா. அவா நுண்ணுயிரியல் டொக்டர் (கிருமிகளைப் பரிசோதித்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்பவர்). மிதுனாவைப் பார்க்கத்தான் அந்த நேரம் வாட்டுக்கு வந்திருந்தாவாம். நரைத்த தலை, காலில் சாதாரண ரப்பர் செருப்பு.

"ஆர் பிள்ளையின்ர அப்பா?"

"நான்தான் டொக்டர்."

"வயலுக்க இறங்கினவாவோ பிள்ளை?"

இது என்ன கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. ஓம் என்றேன். முதல் மழையில் வாய்க்கால் உடைந்து, மண் மூட்டை அடுக்கும்போது மிதுனாவும் வந்து சேற்றில் நின்றாள். காலில் முள் கீறின காயமும் இருந்தது.

"கிணத்துத் தண்ணிய கொதிக்க வைச்சோ குடிக்கிறனீங்கள்?"

"இல்லை டொக்டர். நல்ல தண்ணி."

அவா மூட்டையைக் காட்டினா. "இது என்ன?"

அக்கா முந்திக்கொண்டா. "நெகட்டிவ் தானே டொக்டர். ஒரு கிராமும் இல்லையாம்."

டொக்டர் சிரிக்கவில்லை. 

"அம்மா, கிராம் எண்டது நிறையில்லை. கிருமிக்குச் சாயம் போட்டுப் பாக்கிற ஒரு முறை. அதைக் கண்டுபிடிச்ச ஆளின்ர பேர். நெகட்டிவ் எண்டது அந்தச் சாயத்தில ஒரு வகை. இந்தப் பிள்ளையின்ர சீழில கிருமி நிறைய இருக்கு. எனக்குச் சந்தேகம் மெலியொய்டோசிஸ்."

"மெலியுற வருத்தமோ? அதுதான் பிள்ளை இப்பிடி மெலிஞ்சு போனவள்" என்றா அக்கா.

டொக்டர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினா. மெலியொய்டோசிஸ் (சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிற ஒரு பற்றீரியாவால் வருகிற நோய்) இரத்தத்தில் கலந்தால் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போகும் என்றா. அப்படிப் போனால் தாங்கள் எவ்வளவு முயன்றாலும் பிள்ளை கிடைப்பது சந்தேகம் என்றா. இந்த ஊசியைக் கழற்றிக்கொண்டு வானில் ஏறினால் அதற்குத்தான் கொண்டு போகிறீர்கள் என்று சொல்லவில்லை. அது எனக்கே விளங்கியது.

சுகந்தி கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள். நான் என்ன நினைத்தேனோ தெரியாது, "அப்ப அதை எனக்குக் காட்டுங்கோ" என்றேன். கோபத்தில் அல்ல. ஒரு சொல்லை நம்பி ஏமாந்தவனுக்கு இன்னொரு சொல்லை நம்பப் பயமாக இருந்தது.

டொக்டர் கொஞ்சம் யோசித்தா. "வாங்கோ" என்றா.

ஆய்வுகூடத்தில் ஒரு நுணுக்குக்காட்டியின் முன்னால் என்னை இருத்தினார்கள். கண்ணாடித் துண்டில் மகளின் சீழ் காய்ந்து மெல்லிய கறையாக இருந்தது. குனிந்து பார்த்தேன். கறுப்பாகக் கோடு கோடாக ஏதோ அசைந்தது.

"டொக்டர், ஆடுது!"

"அது உங்கட கண்மயிர், ஐயா. கண்ணைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கோ."

பிறகு தெரிந்தது. வெளிறிய வெளியில் இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்னக் கோல்கள். மொட்டைக்கறுப்பன் என்ற சிவப்பரிசியின் குறுநலைச் (நொய்யை) சிந்தினது போல. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனியும் சிவந்து, நடு மட்டும் வெளிறியிருந்தது. சட்டைப்பின் (ஊக்கு) மாதிரி என்றா டொக்டர். எல்லா நேரமும் இப்படித் தெரியாதாம், வேறு சில கிருமிகளும் இப்படித் தெரியுமாம். ஆனால் வயல் பக்கத்துப் பிள்ளையின் சீழில் இதைக் கண்டால் சந்தேகப்படத்தான் வேண்டுமாம். கல்ச்சர் (கிருமிக்கு உணவு கொடுத்து வளர்த்து, இன்ன கிருமி என்று அடையாளம் காணும் பரிசோதனை) வந்தால்தான் நிச்சயம். அது வரும் வரைக்கும் காத்திருக்க ஏலாது, அதனால்தான் மருந்தைத் தொடங்கியது என்றா.

அந்தச் சாயத்தின் கதையை அவா எனக்குச் சொன்னதை, எனக்கு விளங்கின மாதிரியே உங்களுக்குச் சொல்கிறேன்.

பற்றீரியா ஒரே ஒரு கலத்தால் (உயிரணுவால்) ஆன உயிர். ஒரு நெல்மணியின் நீளத்துக்கு ஆயிரக்கணக்கில் வரிசையாகப் படுக்கலாம். அதற்கு எங்களுடைய கலங்களைப் போல உறை போட்ட கரு இல்லை. அதன் மரபுப் பொருள் (என்ன செய்யவேண்டும் என்ற குறிப்பெல்லாம் அடங்கிய நூல் போன்ற பொருள்) உள்ளே சும்மா சுருண்டு கிடக்கும். சுற்றிவர ஒரு மென்சவ்வு. அதற்கு வெளியே கலச்சுவர். சிலவற்றுக்கு நீந்த வால் போலச் சவுக்குமுளை. அவ்வளவுதான் வீடு, அவ்வளவுதான் சாமான்.

அந்தச் சுவரில்தான் வித்தியாசம். சில பற்றீரியாவுக்குச் சுவர் தடிப்பு. கம்பளிச் சட்டை போட்ட ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றுக்குச் சுவர் மெல்லியது, ஆனால் அதற்கு வெளியே கொழுப்புச் சேர்ந்த இன்னொரு சவ்வு. மெல்லிய பெனியனுக்கு மேலே மழைக்கோட் போட்ட ஆள். முதலில் எல்லார் மேலும் ஊதாச் சாயம் ஊற்றுவார்கள். அது பிடித்து நிற்க அயடீன் விடுவார்கள். பிறகு மதுசாரத்தால் கழுவுவார்கள். கம்பளிக்குள் ஊறின ஊதா போகாது. மழைக்கோட்டை மதுசாரம் கரைத்துவிடும், பெனியனில் இருந்த ஊதாவும் கழுவுப்பட்டுப் போய்விடும். நிறமில்லாமல் நிற்கிற அவர்களுக்குக் கடைசியாகச் சிவப்புச் சாயம். ஊதாவாக நிற்பது கிராம் பொசிட்டிவ். இளஞ்சிவப்பாக நிற்பது கிராம் நெகட்டிவ். நெகட்டிவ் என்றால், ஊதா இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். கிருமி இல்லை என்று அல்ல.

நாங்கள் முதலில் கொடுத்த குளிசை ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். அந்த மழைக்கோட் ஒரு காரணம் என்றா. சில மருந்துகள் அதைத் தாண்டி உள்ளே போகாதாம். போனாலும் இந்தக் கிருமி சிலதை வெளியே துப்பிவிடுமாம்.

நான் வாட்டுக்குத் திரும்பி வந்தபோது அக்கா வாசலில் நின்றா. கையில் பொங்கல்.

"என்ன தம்பி, இருக்கோ?"

"இருக்கு அக்கா. நானே பாத்தனான்."

"எவ்வளவு?"

"நிறுக்க ஏலாது."

 அக்கா வானைப் போகச் சொன்னா. மூட்டையை அவிழ்த்துத் தலையணையை எடுத்து மகளின் தலைக்குக் கீழே வைத்தா. செருப்பைத் திரும்பவும் கட்டிலடியில் சோடியாக வைத்தா. பொங்கலை வாட்டில் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தா. படைத்ததைத் திருப்பிக் கொண்டு போகக்கூடாதாம்.

கல்ச்சரும் அதைத்தான் சொன்னது.

பிறகு வந்த நாட்களில் சொல்ல அதிகம் இல்லை. காதுக்குக் கீழே சிறிதாகக் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். மருந்து குறித்த நேரத்துக்கு ஏறியது. கனுலா போட்ட இடம் வீங்கும், வேறு கையில் போடுவார்கள், அதுவும் வீங்கும். காய்ச்சல் உடனே விடவில்லை. புது மருந்து தொடங்கிய பிறகும் சில நாட்கள் ஏறி இறங்கியது. இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கும் அப்படி ஏறினால் மருந்து கேட்கவில்லை என்று உடனே பயப்படாதீர்கள். நான் பயந்தேன். டொக்டரிடம் கேட்டேன். இந்த நோயில் காய்ச்சல் மெதுவாகத்தான் இறங்கும் என்றா. கேட்டதால் நித்திரை வந்தது. கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஒரு நாள் மிதுனா தன் விஞ்ஞானப் புத்தகத்தைக் கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையில் குழாய், வலது கையில் பென்சில். வட்டமாக இருக்கிற பற்றீரியா, கோல் மாதிரி இருக்கிறது, சுருள் மாதிரி இருக்கிறது எல்லாம் கீறினாள். வட்டமானவை சில சோடியாக, சில முந்திரிகைக் குலை (திராட்சைக் கொத்து) மாதிரி, சில கோத்த மணி மாதிரி.

"இது மாமியின்ர சங்கிலி" என்று அந்த மணிக்கோவையைக் காட்டினாள். "எனக்கு வந்தது இதில்லை. இது, கோலுரு."

"கோலுரு" என்றேன் நான்.

"வட்டத்துக்கு என்ன பேர் சொல்லுங்கோ பாப்பம்."

"கோலுரு."

"ஐயோ அப்பா! அது கோளுரு. நாக்கை மடியுங்கோ. கோள். சூரியன், சந்திரன் மாதிரி. மற்றது கோல், தடி. உங்களிட்ட விட்டால் எனக்குப் பிழையான மருந்து ஏத்துவீங்கள்."

அவள் சிரித்தாள். தாடையைப் பொத்தவில்லை. சுகந்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் நாக்கை மடித்து அந்த இரண்டு சொல்லையும் மாறி மாறிச் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவும் சொல்லிப் பார்த்தா.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கடினமான பகுதி. இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

வீக்கம் இல்லை. காய்ச்சல் இல்லை. பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் குளிசை மட்டும் இருக்கிறது, காலையும் பின்னேரமும், மூன்று மாதத்துக்குக் குறையாமல். பெரிய குளிசை. தொண்டையில் நிற்கும். வயிற்றைப் பிரட்டும். இரத்தம் சோதிக்க இடைக்கிடை பஸ் ஏறவேண்டும். நோய் இருக்கும்போது எல்லோரும் பார்க்க வந்தார்கள். குளிசை போடுவதைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் களைத்துப் போனோம். சுகந்தி குளிசையை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டு நிற்பாள். மிதுனா சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஒருவரும் கத்துவதில்லை. கத்தவும் பெலன் இல்லை.

ஒரு நாள் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"மாறிட்டுது தானே. ஏன் போடவேணும்?"

அக்கா அன்று வந்திருந்தா. அவவும் சேர்ந்துகொண்டா. "ஓம் தம்பி, மாறின பிள்ளைக்கு ஏன் நெருப்பு மாதிரிக் குளிசை? வயிறு வெந்து போகும்."

எனக்குப் பதில் தெரியும்.  களைப்பில் வாய் வரவில்லை. உள்ளே போய் அவள் ஆஸ்பத்திரியில் கீறின படத்தை எடுத்து வந்து குசினி மேசையில் வைத்தேன். கோலுரு. இரண்டு நுனியும் சிவப்பு. அதைச் சுற்றி அவளே கீறின மழைக்கோட், பொத்தான்கூட வைத்திருந்தாள்.

"டொக்டர் என்ன சொன்னவா, பிள்ளை?"

மிதுனா படத்தைப் பார்த்தாள். 

"ஒளிச்சிருக்குமாம்" என்றாள். "எங்கட கலத்துக்குள்ளயே போய் இருக்குமாம். இடையில விட்டால் திரும்ப எழும்புமாம்."

"வெளியில தெரியாதோ?" என்று கேட்டா அக்கா.

"தெரியாது மாமி. வெளியில பாத்தால் நெகட்டிவ்."

அக்கா அந்தச் சொல்லைக் கேட்டதும் எழும்பினா. பிறகு தண்ணீர்ச் செம்பை எடுத்து மகளிடம் நீட்டினா. "கொதிச்சாறின தண்ணிதான். குடி." மிதுனா கண்ணை மூடி விழுங்கினாள். மறுநாளும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் விழுங்கினாள். அதற்கடுத்த நாளும். இது ஒரு நாள் வெற்றி அல்ல, பிள்ளைகளே. ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை. களை பிடுங்குகிற மாதிரி. ஒரு வரம்பு முடிந்தால் அடுத்த வரம்பு.

கடைசிக் கிளினிக்கில் டொக்டர் அவளுடைய கழுத்தைத் தடவிப் பார்த்து, ஸ்கானையும் இரத்தச் சோதனையையும் பார்த்து, குளிசையை நிற்பாட்டலாம் என்றா. காய்ச்சலோ கட்டியோ வந்தால் நாள் கடத்தாமல் வரவேண்டும், வந்தவுடன் இந்த நோயின் பெயரைச் சொல்லவேண்டும் என்றா. அக்கா வெளியில் காத்துக்கொண்டிருந்தா.

"எத்தினை கிராம் தம்பி?"

"நிப்பாட்டச் சொல்லிப்போட்டா அக்கா."

அக்கா, சுகந்தி கைலேஞ்சியில் முடிந்தபடியே திருப்பிக் கொடுத்திருந்த சங்கிலியை எடுத்து மிதுனாவின் கழுத்தில் போட்டா. "வீக்கம் வத்தினால் எனக்கு எண்டு சொன்னனான். இனி அது என்ர கழுத்துக்குப் பாரம். நீயே வைச்சிரு." மருந்தாக அல்ல.

இப்போது திரும்பவும் விதைப்பு வருகிறது. குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டது. நான் முழங்கால் வரைக்கும் ரப்பர்ச் சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் வயலுக்குள் இறங்குகிறேன். அயலவர்கள் பார்த்து, "என்ன, ஆமியில சேரப்போறியோ?" என்று பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். காலில் காயம் இருந்தால் இறங்குவதில்லை. தண்ணீரைக் கொதிக்க வைக்கிறோம். சேற்றை நான் வெறுக்கவில்லை. அது எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் வெறுங்காலில் சேறு விரலிடுக்கால் பிதுங்கி வருகிற அந்தச் சுகத்தை என் கால் மறந்துவிட்டது. சப்பாத்துக்குள் என் கால் வேறு யாருடைய காலோ மாதிரி இருக்கிறது. குனிந்து பார்க்கும்போது மண் சும்மா மண்ணாகத் தெரிவதில்லை. உருண்டையும் கோலும் சுருளுமாக அதற்குள் அசைகிற கூட்டம் என் கண்ணுக்குத் தெரியாமல் தெரிகிறது. அதில் பெரும்பாலானது எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாது என்று மிதுனா புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். நம்புகிறேன்.

கீறின இடத்தில் சின்னத் தழும்பு இருக்கிறது. குளிர் விடியலில் அது இளஞ்சிவப்பாகும். கண்ணாடியில் பார்த்து "கிராம் நெகட்டிவ்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். வெயில் ஏறினால் மறைந்துவிடும்.

இன்று விடியவும் சுகந்தி பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். இடப்பக்க ரிபனை இப்போது தளர்த்தித்தான் கட்டுகிறாள், யாரும் சொல்லாமலே. கிழக்கே மேகம் கூடியிருந்ததாம். சுகந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் முற்றத்துக்கு இறங்காமல் மகளுக்குப் பக்கத்தில் குனிந்து, காதுக்குக் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேற்றும் பார்த்தேன். நாளைக்கும் பார்ப்பேன்.

மிதுனா என் கையை மெல்ல எடுத்து விட்டாள்.

"பாத்தது காணும் அப்பா. போய் வானத்தைப் பாருங்கோ."